அம்மாவின் எழுத்துக்கும் இடம் கொடுங்கள்

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கவிருக்கும் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்பார்ந்த பெற்றோரே,

இன்னும் சில வாரங்களில் உங்கள் பிள்ளைக்கான சேர்க்கைப் படிவத்தை நிரப்ப உட்காருவீர்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல், சாதிச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை என்று எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வைத்திருப்பீர்கள். படிவத்தின் முதல் வரியில் மாணவர் பெயர் கேட்டிருக்கும். அந்தப் பெயரைத் தேர்ந்தெடுக்க நீங்கள் மாதக்கணக்கில் அலைந்திருப்பீர்கள். நட்சத்திரத்துக்குரிய எழுத்தைக் கேட்டிருப்பீர்கள். நல்ல தமிழ்ப் பெயரா, கூப்பிடச் சுலபமா, தாத்தா பெயரை எங்கே நுழைப்பது என்றெல்லாம் விவாதித்திருப்பீர்கள். ஆனால் பெயருக்கு முன்னால் நிற்கும் இனிஷியலைப் பற்றி வீட்டில் ஒரு பேச்சும் நடந்திருக்காது. அப்பா பெயரின் முதல் எழுத்து தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அதைப் பற்றி ஒரு நிமிடம் யோசியுங்கள் என்று கேட்கவே இந்த மடல். அப்பாவின் எழுத்தை எடுக்கச் சொல்லவில்லை. அதனோடு அம்மாவின் எழுத்தையும் சேர்த்து எழுதுங்கள் என்பதுதான் வேண்டுகோள்.

‘நான் யார்’ என்ற கேள்வி ஒரு பிள்ளையின் மனதில் எழுவதற்குள் வீடும் ஊரும் அதற்குப் பதில் எழுதி முடித்துவிடுகின்றன. இன்னார் மகன், இன்ன தெரு, இன்ன சாதி, இன்ன சாமி. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எந்த மனிதரும் வெறுங்கையோடு தன்னை உருவாக்கிக்கொள்வதில்லை. குடும்பம் கொடுத்ததை வைத்துக்கொண்டுதான் ஒருவர் அதை ஏற்கவோ மறுக்கவோ முடியும். ஆகவே, குடும்பம் பிள்ளையின் அடையாளத்தில் தலையிடலாமா என்று கேட்பதில் பயனில்லை. எதைக் கொடுக்கிறோம், எதை யோசிக்காமல் கொடுக்கிறோம் என்று பார்ப்பதே முக்கியம். யோசிக்காமல் கொடுப்பவற்றில் முதலாவதாக வருவது இந்த ஒற்றை எழுத்து. பள்ளி வருகைப் பதிவேட்டில் தினமும் வாசிக்கப்படுவது அது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் ஏறிவிட்டால் அதன்பின் ஆயுள் முழுக்கக் கூட வருவதும் அதுவே.

அந்த எழுத்து என்ன சொல்லிக்கொடுக்கிறது என்பதை ஆண்பிள்ளையையும் பெண்பிள்ளையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரியும். மகனுக்கு அது பிறந்ததிலிருந்து சாகும்வரை மாறாத முத்திரை. மகளுக்கோ கல்யாணம்வரைதான். தாலி ஏறியதும் அப்பாவின் எழுத்து இறங்கி, கணவரின் எழுத்து ஏறுகிறது. எந்தச் சட்டமும் இதைக் கட்டாயமாக்கவில்லை. வழக்கம் மட்டுமே செய்கிறது. நம் அரசுப் படிவங்களைப் பாருங்கள். ஆணுக்கு ‘த/பெ’. பெண்ணுக்கு மணமாகும்வரை ‘த/பெ’, மணமான பின் ‘க/பெ’. ஒரு ஆணின் பெயருக்குப் பக்கத்தில் மனைவியின் பெயரைக் கேட்டு அவன் யாரென்று உறுதி செய்யும் படிவம் வழக்கத்தில் இல்லை. ஆண் ஒருவரின் மகன் மட்டுமே. பெண்ணோ முதலில் ஒருவரின் மகள், பிறகு இன்னொருவரின் மனைவி. இதை யாரும் பாடமாக நடத்துவதில்லை. படிவம் நடத்துகிறது.

இதற்கான விலையையும் பெண்ணே கொடுக்கிறாள். மதிப்பெண் சான்றிதழிலும் பட்டத்திலும் அப்பாவின் எழுத்து இருக்கும். ஆதாரில் கணவரின் எழுத்து. வங்கிக் கணக்கு கல்யாணத்துக்கு முன் தொடங்கியதென்றால் ஒன்று, பின்னால் தொடங்கியதென்றால் வேறொன்று. வீட்டுக்கடன் கேட்கும்போதோ, பத்திரப் பதிவின்போதோ, பாஸ்போர்ட் விண்ணப்பத்தின்போதோ இரண்டு எழுத்தும் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி நோட்டரி முத்திரை வாங்க வேண்டியிருக்கிறது. கணவர்களுக்கு இந்தச் சங்கடம் வருவதில்லை; அவர்கள் பெயர் மாறுவதே இல்லையே. இத்தனைக்குப் பிறகும், இந்தப் பெண் பெற்று வளர்க்கும் பிள்ளையின் பெயரில் அவளுடைய சுவடு ஓர் எழுத்தளவுகூட இருப்பதில்லை.

‘ஓர் எழுத்துதானே, இதற்கு இவ்வளவு பேச்சா’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் பெயரில் உள்ள சிறு குறிப்பை உலகம் சிறிதாக எடுத்துக்கொள்வதில்லை. சுகதேவ் தோரட், பால் அட்டவெல் என்னும் ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், தனியார் நிறுவனங்களின் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பிப் பார்த்தார்கள். தலித், முஸ்லிம் பெயர்கள் தாங்கிய விண்ணப்பங்களுக்கு, உயர்சாதி இந்துப் பெயர்கள் தாங்கியவற்றைவிடக் குறைவாகவே அழைப்பு வந்தது. பெயர் என்பது நாம் யாரென்று பிறர் முடிவு செய்யும் முதல் ஆவணம் என்பதற்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை. அப்பாவின் எழுத்து மட்டும் போதும் என்ற மனப்பான்மையும் பெயரோடு நின்றுவிடவில்லை, சட்டத்துக்குள்ளும் புகுந்திருந்தது. 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், பிள்ளையின் இயல்பான காப்பாளர் தந்தை, அவருக்குப் பின் தாய் என்றது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகனின் காப்பாளராகக் கையெழுத்திட்ட முதலீட்டு விண்ணப்பத்தை ரிசர்வ் வங்கி ஏற்க மறுத்ததால் அது வழக்காகி உச்ச நீதிமன்றம் போனது. தந்தை உயிரோடு இருக்கும்போதும் தேவையான சூழலில் தாய் காப்பாளராகலாம் என்ற விளக்கம் 1999-இல்தான் கிடைத்தது. சொத்திலும் இதே கதை. மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு தந்த தமிழ்நாட்டின் 1989-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் முன்னோடியானது. ஆனால் அதுவும், அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் திருமணமான மகள்களை வெளியே நிறுத்தியது. கல்யாணமானவள் வேறு வீட்டுக்காரி என்ற எண்ணம், சீர்திருத்தச் சட்டத்தைக்கூட விடவில்லை. 2005-இல் மத்திய அரசு கொண்டுவந்த திருத்தம்தான் அந்த வேலியை எடுத்தது. இனிஷியலை மாற்றிக்கொள்ளும் வழக்கத்துக்கும் அந்த வேலிக்கும் வேர் ஒன்றே.

அடுத்த மறுப்பு, ‘இது நம் மரபு’ என்பது. மரபு என்றால் எந்த மரபு? சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் படித்த தமிழ் ஆண் ஒருவரின் முழுப்பெயரில் வழக்கமாக நான்கு பகுதிகள் இருந்தன: ஊர், தந்தை பெயர், தன் பெயர், சாதிப் பட்டம். முதல் இரண்டையும் எழுத்தாகச் சுருக்கியது ஆங்கிலேயர் காலத்துப் பள்ளியும் அலுவலகமும். கான்ஜீவரம் (காஞ்சிபுரம்) நடராஜன் அண்ணாதுரை, சி.என்.அண்ணாதுரை ஆனது அப்படித்தான். ஈ.வெ.ராமசாமியின் ‘ஈ’ ஈரோடு. இந்த நான்கில் சாதிப் பட்டம் எப்படிப் போனது என்பது நமக்குத் தெரியும். பெரியார் 1927-இல் தன் பெயரிலிருந்த பட்டத்தை நீக்கினார். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, சாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. பெண்களுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்ததும் அதே மாநாடுதான். முதலில் விட்டவர்களை ஊர் கேலி பேசியிருக்கும். ஆனால் விட்டவர்கள் பெருகப் பெருக, பட்டம் போட்டுக்கொள்பவர்தான் விளக்கம் சொல்ல வேண்டிய நிலை வந்தது. இன்றைக்கும் இந்தியாவின் பல மாநிலங்களில் பெயரின் கடைசிச் சொல் சாதியைச் சொல்கிறது. தமிழ்நாட்டு வகுப்பறைகளில் பெரும்பாலும் அப்படியில்லை. சாதி போய்விட்டதா என்றால் இல்லைதான். ஆனால் ஆசிரியர் பெயர் வாசிக்கும்போதே வகுப்பு முழுவதும் ஒரு பிள்ளையின் சாதியைத் தெரிந்துகொள்ளும் கொடுமை பெரும்பாலும் ஒழிந்தது. ஊர் எழுத்து போனதோ இன்னும் சத்தமில்லாமல். பிழைப்பைத் தேடி நகரம் வந்த குடும்பங்கள் ஒன்றிரண்டு தலைமுறையில் அதை விட்டுவிட்டன. எந்த மரபுக் காவலரும் கண்ணீர் விட்டதாகத் தெரியவில்லை. நூறு ஆண்டுக்குள் நான்கில் இரண்டை மாற்றிக்கொண்ட ஒரு வழக்கத்தில், மூன்றாவதைத் தொட்டால் மட்டும் மரபு இடிந்துவிடாது.

அம்மாவின் எழுத்து தமிழுக்குப் புதிதும் அல்ல. எம்.எஸ்.சுப்புலட்சுமியின் பெயரைச் சொல்லாத தமிழ் வீடு குறைவு. ‘எம்’ மதுரை, ‘எஸ்’ அவருடைய தாயார், வீணைக் கலைஞர் சண்முகவடிவு. 1998-இல் பாரத ரத்னா விருது பெற்ற அந்தப் பெயர், கல்யாணத்துக்குப் பிறகும் மாறவில்லை. எம்.எல்.வசந்தகுமாரியின் ‘எல்’ அவர் தாயார், பாடகி லலிதாங்கி. இந்த எழுத்துகள் எங்கிருந்து வந்தன என்பதை மறைக்கவும் தேவையில்லை. இசையும் நடனமும் தாய்வழியாகக் கைமாறிய மரபில் அம்மாவே குரு, அம்மாவே குடும்பத் தலைவி. பெயரும் அவர் வழியே வந்தது. அந்தப் பெண்களைச் சமூகம் எவ்வளவு இழிவாகப் பேசியது என்பதும் வரலாறு. இழிவு என்று கருதப்பட்ட ஒரு வழக்கத்திலிருந்து வந்த எழுத்துகளை இன்று நாடே மரியாதையோடு உச்சரிக்கிறது. எழுத்தில் இழிவு கிடையாது. பார்ப்பவர் பார்வையிலேயே இருந்தது.

இங்கேதான் உங்களில் பலரும் வெளியே சொல்லத் தயங்கும் மறுப்பு வருகிறது. ‘அம்மா இனிஷியல் போட்டால், அப்பா இல்லாத பிள்ளை என்று நினைப்பார்களே?’ ஆம், நினைப்பார்கள். கணவர் விட்டுப்போன பெண், மணமாகாமல் தாயானவள், கணவரை இழந்தவள் ஆகியோரின் பிள்ளைகளுக்கு மட்டும் அம்மாவின் எழுத்து என்று இருக்கும்வரை அப்படித்தான் நினைப்பார்கள். சட்டம் அவர்களுக்கு ஓரளவு வழி திறந்திருக்கிறது. மணமாகாத தாய் தன் பிள்ளையின் தந்தை யாரென்று சொல்லாமலே காப்பாளராகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்தது. 2016 டிசம்பர் முதல் பாஸ்போர்ட்டுக்குப் பெற்றோரில் ஒருவர் பெயர் போதும். கணவரை இழந்த தாய்க்குப் பிள்ளையின் குடும்பப்பெயரை முடிவு செய்யும் உரிமை உண்டு என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் வகுப்பறையில் பக்கத்து பெஞ்ச் பிள்ளை கேட்கும் கேள்வியை எந்தத் தீர்ப்பும் தடுக்காது. அதைத் தடுக்கக் கூடியவர்கள் நீங்கள்தான். அதாவது, அப்பாவும் அம்மாவும் சேர்ந்து வாழும் சாதாரணக் குடும்பத்தினர். நாற்பது பேர் உள்ள வகுப்பில் இருபது பிள்ளைகளின் பெயரில் அம்மாவின் எழுத்தும் இருந்தால், அம்மாவின் எழுத்து மட்டும் உள்ள ஒரு பிள்ளை தனித்துத் தெரியாது. உங்கள் வீட்டுக்கு இதனால் பெரிய நன்மை இல்லாமல் போகலாம். வேறொரு வீட்டுப் பிள்ளைக்குத் தலைநிமிர்வு கிடைக்கும். சாதிப் பட்டத்தை விட்டவர்களில், பட்டத்தால் பெருமை பெற்றுவந்த பலரும் இருந்தார்கள். அவர்கள் விட்டதால்தான் பட்டத்தால் அவமானப்பட்டவர்களுக்கு மூச்சு விட இடம் கிடைத்தது.

‘அப்பாவுக்கு இது அவமரியாதை’ என்பார்கள் சிலர். இருக்கும் எழுத்தை நீக்கினால் அப்படிச் சொல்லலாம். பக்கத்தில் இன்னொன்று வந்து உட்கார்வதால் எவருடைய மரியாதையும் குறையாது. சாதவாகன மன்னர்கள் தங்களைக் கௌதமிபுத்திர சதகர்ணி, வாசிஷ்டிபுத்திர புலுமாவி என்று தாயின் குலப்பெயரால் கல்வெட்டுகளில் பொறித்துக்கொண்டார்கள். அரசுரிமை தந்தை வழியில்தான் போனது. ஆயினும் அம்மாவைச் சொன்னதால் அவர்களுடைய தந்தையர் சிறுமைப்படவில்லை. இன்னொரு சாமர்த்தியமான மறுப்பும் உண்டு: ‘அம்மாவின் பெயர் என்பதே அவளுடைய அப்பா வழி வந்ததுதானே, இதில் என்ன பெண்விடுதலை?’ குடும்பப்பெயர் வழங்கும் நாடுகளுக்கு அந்த மறுப்பு பொருந்தும். ஸ்பெயினில் பிள்ளைகளுக்குத் தாய், தந்தை இருவரின் குடும்பப்பெயர்களும் உண்டு. அங்கே தாயின் குடும்பப்பெயரில் முன்னிற்பது பெரும்பாலும் தாய்வழித் தாத்தாவுடையது. தமிழ் வழக்கத்தின் சிறப்பே வேறு. நம் இனிஷியல் குலத்தின் பெயரிலிருந்து வருவதில்லை. ஒரு மனிதரின் சொந்தப் பெயரிலிருந்து வருகிறது. செல்வியின் மகனுக்கு ‘செ’ என்று போட்டால் அது செல்வியையே குறிக்கிறது, செல்வியின் அப்பாவை அல்ல. உலகில் பலருக்கும் கிடைக்காத ஒரு வசதி நம்மிடம் இருக்கிறது. பயன்படுத்தாமல் விட்டுவைத்திருக்கிறோம்.

இனி நடைமுறைச் சிக்கல். இதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். நம் அலுவலகங்களில் ஒரு புள்ளி மாறினாலும் நான்கு முறை நடையாய் நடக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. ஆகவே தொடக்கத்திலேயே ஒழுங்காகச் செய்யுங்கள். பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயருக்கும் தந்தையின் பெயருக்கும் தனித்தனி இடம் ஏற்கெனவே இருக்கிறது. இருவர் எழுத்தையும் சேர்ப்பதற்கு ஆதாரம் அதிலேயே உள்ளது. பதிவின்போது பிள்ளைக்குப் பெயர் வைக்காமல் விட்டிருந்தால், ஓராண்டுவரை கட்டணமின்றியும் 15 ஆண்டுகள்வரை தாமதக் கட்டணத்தோடும் பெயரைச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை தொடங்கி பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். எனவே அதில் எப்படி இருக்கிறதோ அப்படியே ஆதாரிலும் பள்ளியிலும் எழுதுவதுதான் புத்திசாலித்தனம். சான்றிதழில் ஏற்கெனவே ஓர் எழுத்தோடு பெயர் ஏறிவிட்டதென்றால், முதலில் பதிவாளர் அலுவலகத்தில் விசாரித்துவிட்டுத் தொடங்குங்கள். பள்ளியில் ஒன்று, சான்றிதழில் ஒன்று என்று விட்டுவிடாதீர்கள். ஒற்றை இனிஷியலும் அப்படியொன்றும் சிக்கலற்றது அல்ல. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதச் சொல்கிறார்கள். வெளிநாடு போன தமிழர் வீடுகளில் அப்பாவின் சொந்தப் பெயரே குடும்பப்பெயராகி, அலுவலகத்தில் வேலை பார்ப்பவரை விட்டுவிட்டு அவருடைய அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். எந்த முறையிலும் தொல்லை உண்டு. தொல்லைக்குப் பயந்து நியாயத்தை விட வேண்டியதில்லை. மகாராஷ்டிரத்தில் 2024 மே 1 முதல் பிறக்கும் பிள்ளைகளுக்கு அரசு ஆவணங்களில் தன் பெயர், தாய் பெயர், தந்தை பெயர், குடும்பப்பெயர் என்ற வரிசையைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். அங்கே ஓர் அரசு சொல்லிச் செய்வதை, இங்கே நாம் நம் விருப்பத்தோடு செய்யலாம்.

கடைசி மறுப்புதான் கனமானது. ‘எழுத்தைச் சேர்த்துவிட்டால் அம்மாவின் சுமை குறைந்துவிடுமா? சமையற்கட்டில் அவள் தனியாகத்தானே நிற்கிறாள்?’ குறையாது. பல ரேஷன் அட்டைகளில் குடும்பத் தலைவியின் படம் வந்தது. 2023 செப்டம்பரில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் வங்கிக் கணக்குக்கு மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை போகத் தொடங்கியது. அதனால் மட்டும் வீட்டுக்குள் எல்லாம் சமமாகிவிடவில்லை. ஆனால் அங்கீகாரமும் வேலைப் பங்கீடும் ஒன்றுக்கொன்று எதிரிகள் அல்ல. ஒன்றைச் செய்தால் மற்றதைச் செய்ய வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அரசே குடும்பத் தலைவி என்று ஒப்புக்கொண்டவளை, குடும்பம் தன் பிள்ளையின் பெயரில் ஒப்புக்கொள்ள என்ன தடை? வீட்டுப் பாடத்தைச் சொல்லிக்கொடுப்பதும், பெற்றோர் கூட்டத்துக்குப் போவதும், காய்ச்சலுக்கு மாத்திரை வாங்க ஓடுவதும் பெரும்பாலும் யார் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். தன் பெயரில் மட்டும் ஏன் அவர் இல்லை என்பதற்கு அதனிடம் சொல்லக்கூடிய நேர்மையான பதில் நம்மிடம் இல்லை.

ஒரு வழக்கத்தை எதிர்த்து இன்னொன்றைப் பிள்ளையின் தலையில் கட்டுவதும் திணிப்புதானே என்று நீங்கள் கேட்கலாம். திணிப்புதான். பெயர் வைப்பதே அப்படி ஒரு செயல். அதிலிருந்து எந்தப் பெற்றோரும் தப்ப முடியாது. கொடுத்தே ஆக வேண்டிய ஒன்றை, கூடியவரை உண்மைக்கு நெருக்கமாகக் கொடுக்கலாம். இரண்டு பேரால் வந்த பிள்ளைக்கு இரண்டு பேரின் எழுத்தும் என்பது, ஒருவர் எழுத்து மட்டும் என்பதைவிட உண்மை. வளர்ந்தபின் பிடிக்கவில்லையென்றால் அரசிதழில் பெயரை மாற்றிக்கொள்ளும் வழி அதற்கு உண்டு. அப்போது இரண்டில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று முடிவு செய்யும் உரிமையாவது அதன் கையில் இருக்கும். பெண்பிள்ளையானால் இன்னொன்றும் செய்யுங்கள்: கல்யாணத்தோடு அவள் எழுத்தை மாற்றத் தேவையில்லை என்று இப்போதிருந்தே சொல்லி வளர்த்து வாருங்கள். ஆண்பிள்ளையிடமும் அதையே சொல்லுங்கள். நாளை மனைவியின் ஆவணங்களைத் திருத்தக் கிளம்பாமல் இருப்பான்.

ஆகவே, படிவத்தை நிரப்பும் நாளில் இருவரும் சேர்ந்து உட்காருங்கள். அம்மாவின் எழுத்தை முதலில் எழுதுவதா, அப்பாவின் எழுத்தையா என்று வேண்டுமானால் சண்டை போட்டுக்கொள்ளுங்கள். அது ஆரோக்கியமான சண்டை. தலைமையாசிரியரோ எழுத்தரோ ‘அப்பா இனிஷியல் மட்டும் போடுங்க, அதுதான் வழக்கம்’ என்றால், அப்படிச் சொல்லும் விதி எது என்று மரியாதையாகக் கேளுங்கள். தாத்தா பாட்டி வருத்தப்பட்டால் எம்.எஸ். அம்மாவின் பெயரை எடுத்துச் சொல்லுங்கள். கையில் பேனா இருக்கிறது. கட்டத்தில் இடமும் இருக்கிறது. இரண்டு எழுத்தையும் எழுதுங்கள்.